பூங்காவுக்குள் ஒரு பழைய படகு இல்லம், கரையில் நடைபிணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாம்பிக் கதை எழுத உட்காருகிறவர்களுக்கு ஆளைவிட இடம்தான் முதலில் அமைய வேண்டும். நான் சில வருடங்களாக ஒரே இடத்தைச் சுற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன்: நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், ப்ராஸ்பெக்ட் பூங்காவுக்குள் நிற்கும் பழைய படகு இல்லம். இதே மாதிரி இடத்தில் கதை வைக்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டவை, எழுதும்போது நானே மாட்டிக்கொண்டு விடை தேடியவை, இரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மால் இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. எதற்குப் படகு இல்லம்?

கோட்டை மாதிரியான இடத்தில் கதை சீக்கிரம் செத்துவிடும். கதவைப் பூட்டியதும் வேலை முடிந்தது, அப்புறம் உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டால்தான் கதை நகரும். படகு இல்லமோ பூட்டி வைப்பதற்காகக் கட்டிய கட்டடமே இல்லை. விடுமுறை நாளில் குடும்பத்தோடு வந்து, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அதன் நோக்கம். அதனால் எங்கே பார்த்தாலும் வளைவு, கதவு, கண்ணாடி, படிக்கட்டு. அங்கே ஒளிகிற ஆட்கள் ஒவ்வொரு திறப்பையும் தங்கள் கையாலேயே அடைக்க வேண்டும், ஒவ்வொரு அடைப்புக்கும் பின்னால் ஒரு முடிவு இருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. படகைப் பார்த்தாலே தப்பித்துவிடலாம் என்று மனசு சொல்லும். ஆனால் பூங்கா ஏரி எங்கேயும் போகாது. எந்தப் பக்கம் துடுப்புப் போட்டாலும் அதே பூங்காவின் இன்னொரு கரையில்தான் போய் இறங்க வேண்டும். கதாபாத்திரங்களுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கலாம், இருந்தாலும் படகு கண்முன்னே மிதக்கும்வரை அந்த நம்பிக்கையை அவர்களால் விட முடியாது. நான் இந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

எந்தப் படகு இல்லத்தை எடுத்துக்கொள்ளலாம்?

அமெரிக்காவில் பழைய பூங்காப் படகு இல்லங்கள் நிறைய உண்டு, ஒவ்வொன்றும் வேறு விதமான கதையைக் கேட்கும்.

நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் இப்போது இருக்கும் படகு இல்லம் 1954இல் திறந்தது. அதற்கு முன்னால் 1870களில், பூங்காவை வடிவமைத்த இருவரில் ஒருவரான கால்வர்ட் வாக்ஸ் வரைந்த மரக்கட்டடம் ஒன்று இருந்தது, இன்று இல்லை. அங்கே துடுப்புப் படகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன, ஆகவே நிறைய படகு வேண்டும் என்றால் அந்த இடம். ஆனால் சுற்றிலும் மன்ஹாட்டன் கூட்டம். வெறிச்சென்று ஒரு பூங்காவை வைத்துக்கொண்டு எழுத நினைத்தால், அது எப்படி வெறிச்சென்று ஆனது என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

சிகாகோவின் ஹம்போல்ட் பூங்காவில் 1907இல் கட்டியது ஒன்று இருக்கிறது, தாழ்ந்து விரிந்த கூரையும் பெரிய மூன்று வளைவுகளுமாக. அந்த வளைவுகளுக்குள் நின்றால் ஏரி படம் மாதிரித் தெரியும், காற்றும் நேராக உள்ளே வரும். அதை அடைக்கவே முடியாது, ஒரு இரவுக் கதைக்கு மட்டும் சரி.

ஃபிலடெல்பியாவில் ஷூல்கில் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் படகுக் கழக வீடுகள் வேறு ரகம். அங்கே ஓடுகிற ஆறு இருக்கிறதே, தப்பித்துவிடலாமே என்று தோன்றும். ஆற்றுப்போக்கில் கொஞ்சம் இறங்கியதுமே ஃபேர்மவுண்ட் அணை வந்துவிடும். அந்த அணை தேக்கிய தண்ணீரில்தான் அங்கே படகுப் போட்டியே நடக்கிறது. அணையைத் தாண்டிப் படகைத் தூக்கிக்கொண்டு போனால் கீழே கடல் ஏற்ற இறக்கம் எட்டுகிற ஆறு, டெலவேர் ஆறு வரை போகலாம். ஒரு அத்தியாயம் முழுக்க அந்தப் படகைத் தூக்குகிற வேலைக்கே கொடுக்கலாம், அவ்வளவு நல்ல இடம் அது.

நான் ப்ராஸ்பெக்ட் பூங்காவைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்தக் கட்டடத்தின் கடந்த காலம். கீழே வருகிறேன்.

அந்தக் கட்டடம் பார்க்க எப்படி இருக்கும்?

1905இல் எழுந்தது. வெனிஸ் நகரில் கட்டடக் கலைஞர் சான்சோவினோ கட்டிய செயின்ட் மார்க் நூலகத்தின் கீழ்த்தளத்தை மாதிரியாக வைத்துச் செய்தது. முகப்பு முழுக்க வெள்ளை மெருகு பூசிய சுடுமண், நீரை நோக்கி வரிசையாக வளைவுகள், நடுநடுவே தூண்கள், முன்னால் அகலமான மேடை, அங்கிருந்து நேராகத் தண்ணீர். மேல்தளம் சிறியது, உள்ளே தள்ளி நிற்கும், வெளியே கைப்பிடிச் சுவரோடு மொட்டைமாடி. கதைக்கு இந்த மொட்டைமாடி பெரிய வரம், காவலுக்கு நிற்கவும் மழைநீர் பிடிக்கவும் அங்கேதான் போவார்கள்.

அது நிற்பது பெரிய ஏரியில் இல்லை என்பதை மறக்காதீர்கள். லல்வாட்டர் என்று ஒரு ஒடுங்கிய நீர்வழி, அதன் கரையில் நிற்கிறது. அங்கிருந்து படகு கிளம்பினால் டெரஸ் பாலத்துக்கு அடியில் நுழைந்துதான் சுமார் 60 ஏக்கர் ஏரிக்குள் போக முடியும். படகு இல்லத்துக்குப் பக்கத்திலேயே லல்வாட்டர் பாலம் என்று இன்னொன்றும் இருக்கிறது. பாலத்தின் மேல் நிற்கிற நடைபிணங்களுக்குக் கீழே போகிற படகு எப்படித் தெரியும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கையை நீட்டும், பின்னால் வருபவை முன்னால் நிற்பவற்றைத் தள்ளும், விழும். படகு அடியில் போகிற அந்தச் சில நொடிக்காக நான் பத்து பக்கம் எழுதியிருக்கிறேன்.

அது பாதுகாப்பான இடமா?

இல்லை. மெருகு பூசிய சுடுமண் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே கூடான பெட்டிகள், இரும்புக் கொக்கி வைத்துச் சுவரோடு பிடித்திருப்பது. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் இரும்பு துருப்பிடித்துப் புடைக்கும், புடைத்தால் சுடுமண் வெடித்துப் பெயரும். இந்தக் கட்டடத்துக்கே 1970களில் ஒரு முறை சீரமைப்பு நடந்தும், பிறகு கசிவு சேர்ந்து திரும்பவும் மூட வேண்டிய நிலை வந்தது. ஆக, பராமரிக்க ஆள் இல்லாமல் போன மூன்றாவது குளிர்காலத்தில் முகப்பிலிருந்து துண்டு துண்டாக விழத் தொடங்கும் என்று நீங்கள் எழுதினால் நம்பலாம். இரவில் ஒரு வெள்ளைத் துண்டு மேடையில் விழுந்து உடைகிற சத்தம், அதைக் கேட்டு மரங்களுக்குள்ளிருந்து திரும்புகிற தலைகள். வெளியே இருப்பவை உள்ளே நுழைய எதுவுமே செய்ய வேண்டாம், கட்டடமே அவற்றைக் கூப்பிட்டுவிடும்.

நடைபிணங்கள் தண்ணீருக்குள் வருமா?

இது உங்கள் உலகம், விதி உங்களுடையது. ஆனால் விதியை எழுதும் முன் உடம்பு தண்ணீரில் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறைய கதைகள் சொதப்புகின்றன.

ஏரியின் அடியில் நடந்து வருவது பயங்கரமான காட்சிதான். ஆனால் மனித உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தியே. கரையில் 70 கிலோ எடை இருக்கிற உடம்பு முழுசாக முங்கினால், நுரையீரலில் தண்ணீர் நிறைந்த பிறகும், சில கிலோ எடையில்தான் அடியில் நிற்கும். அவ்வளவு குறைவான எடையோடு சேற்றில் காலை ஊன்றி நேராக நடக்க முடியாது. சாயும், மிதந்து எழும், கையால் தரையைப் பிராண்டிக்கொண்டு நகரும். நேராக நடப்பதைவிட இது எனக்கு அதிகப் பயம் தருகிறது.

அப்புறம் வாயு. இறந்த உடம்பு முதலில் மூழ்கும், உள்ளே அழுகல் தொடங்கி வாயு சேர்ந்ததும் மேலே வரும். கோடையில் அது சில நாட்களிலேயே நடக்கும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் தள்ளிப்போகும், ரொம்பக் குளிரில் வராமலே கிடக்கவும் செய்யும். உங்கள் நடைபிணங்கள் அழுகுகிற வகை என்றால், இலையுதிர் காலத்தில் ஏரிக்குள் போனவை வசந்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வரும். நாட்காட்டியே கதையை எழுதிக் கொடுக்கிறது.

லல்வாட்டருக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இருக்கிறது, இதைத் தவறவிடாதீர்கள். வெயில் காலத்தில் அந்த நீரின் மேல் சின்னச் சின்ன நீர்த்தாவரங்கள் படர்ந்து, புல்வெளி என்றே நினைக்கத் தோன்றும் அளவுக்குப் பச்சையாகப் போர்த்திவிடும். எது கடந்து போனாலும் அந்தப் பச்சையில் ஒரு கறுப்புக் கோடு விழும், மெதுவாகத்தான் மூடும். விடியற்காலையில் மொட்டைமாடியில் நிற்கிற பெண் கீழே பார்க்கிறாள், எதிர்க்கரையிலிருந்து படகுத்துறை வரை ஒரு கோடு, இன்னும் முழுசாக மூடவில்லை. திரும்பிப் போன கோடு இல்லை.

படகில் ஏறி ஏரி நடுவில் இருந்துவிட்டால் போதாதா?

ஓர் இரவுக்குப் போதும். சும்மா துடுப்புப் போடுகிற ஒருவரின் வேகம் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர், அதாவது நடக்கிற வேகம். மெதுவாக நடக்கிற ஜாம்பிகூட கரையோரமாகவே உங்களோடு வந்துவிடும், அதற்குக் களைப்பும் கிடையாது. நீங்கள் நேர்கோட்டில் போகலாம், அது வளைந்து சுற்ற வேண்டும், அந்த வித்தியாசம் மட்டும்தான் உங்கள் சேமிப்பு. அந்தச் சில நிமிடத்தை என்ன செய்வது என்பதைச் சுற்றித்தான் படகுக் காட்சியை அமைக்க வேண்டும்.

துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார் என்பதும் உங்களுக்குச் சாதகம். விட்டு வந்த கரை அவர் கண்முன்னே இருக்கும், போய்ச் சேரும் கரை முதுகுக்குப் பின்னால். இரண்டு பேர் படகில் இருந்தால், எதிரே உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் தன் பின்னால் என்ன காத்திருக்கிறது என்று துடுப்புப் போடுகிறவர் தெரிந்துகொள்ள முடியும். வசனமே வேண்டாம்.

படகு இல்லத்தில் படகு இருக்கும், அது உறுதிதானே?

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ப்ராஸ்பெக்ட் பூங்காப் படகு இல்லம் 2002இல் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் பறவை, இயற்கைக் கல்வி மையமாகத் திறந்தது, நகரத்துக்குள் அந்த அமைப்பு திறந்த முதல் மையம் அதுதான். திருமணம் மாதிரி விழாக்களுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். வாடகை மிதிபடகுகள் இருப்பது ஏரிக்கரையில் 2013இல் திறந்த லெஃப்ராக் மையத்தில், நடந்தே போகிற தூரம்தான். அந்தத் தூரத்தை இருட்டில், எல்லாம் நடந்த பிறகு, கடந்து போய் இரண்டு மிதிபடகுகளைக் கொண்டுவருவது ஒரு முழு அத்தியாயம். மிதிபடகு மெதுவாகப் போகும், தண்ணீரைக் கலக்கிச் சத்தம் போடும், ஆனால் கை இரண்டும் சும்மா இருக்கும். கையில் ஆயுதம் வைத்திருக்கிற ஆளுக்குத் துடுப்புப் படகைவிட அதுவே மேல்.

கதையைப் பழைய காலத்தில் வைத்தாலோ, வேறு படகு இல்லத்தில் மரப்படகுகள் கிடைத்தாலோ, இன்னொரு சங்கதி. பலகை மேல் பலகை வைத்துச் செய்த மரப்படகு நாள்பட உலர்ந்து கிடந்தால் பலகைகள் சுருங்கி இடுக்குவிடும். தண்ணீரில் இறக்கியதும் ஒழுகும், மரம் ஊறிப் புடைத்த பிறகுதான் இடுக்குகள் மூடும், அதற்கு ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். கொட்டகையில் படகைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இழுத்துப் போட்டு ஏறினால் பத்து நிமிடத்தில் முழங்கால்வரை தண்ணீர். விவரம் தெரிந்த கிழவர் ஒருவர் அதை முந்தின நாளே கரையோரம் கட்டி மூழ்கப் போட்டு வைத்திருந்தால், மற்றவர்கள் அவரைப் பைத்தியம் என்று நினைப்பார்கள். அந்தக் கிழவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போட்டிப் படகுகளை மட்டும் தயவுசெய்து தப்பிக்கிற வண்டியாக ஆக்காதீர்கள். எட்டுப் பேர் போடுகிற படகு சுமார் 17 மீட்டர் நீளம், ஒரு ஆள் உட்காருகிற அகலம், எடை நூறு கிலோவுக்குப் பக்கம்தான். பழகாதவர் ஏறினால் கவிழும், கரையில் திருப்பவே இடம் வேண்டும். பழகிய எட்டுப் பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் சரி, அப்போது அதை மிஞ்ச எதுவும் இல்லை.

இன்னும் ஒன்று. வாடகைப் படகு வைத்திருக்கும் இடங்களில் படகு வெளியே கிடந்தாலும் துடுப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவது வழக்கம். துடுப்பு கிடைத்தாலும் அதைத் தாங்குகிற உலோக வளையம் இல்லாவிட்டால் வலித்துப் போட முடியாது. அந்த வளையங்களை ஒரு வாளியில் போட்டு எங்காவது மூலையில் வைத்திருப்பார்கள்.

குடிக்கத் தண்ணீர் ஏரியிலிருந்தே எடுக்கலாமா?

இங்கே உண்மை கதையைவிட நன்றாக இருக்கிறது. ப்ராஸ்பெக்ட் பூங்காவின் ஓடைகள், அருவிகள், ஏரி எல்லாமே மனிதர்கள் வெட்டி வைத்தவை, இன்று அவற்றுக்குள் வருவது நகரத்தின் குழாய்த் தண்ணீர். நியூயார்க் குடிநீரில் பெரும்பகுதி வடக்கே மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து பம்ப் இல்லாமல் சரிவின் விசையிலேயே இறங்கி வருகிறது. ஆகவே மின்சாரம் போன மறுநாளும் பூங்காவின் அருவி விழுந்துகொண்டே இருக்கும். நகரம் முழுக்க இருட்டாகி, மேல்மாடிக் குழாய்கள் வறண்ட பிறகும் இந்த அருவிச் சத்தம் கேட்கும். அது ஒருநாள் நின்றால், தொலைவில் எங்கேயோ ஏதோ ஒன்று உடைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அமைதியை விடியற்காலையில் ஒரு குழந்தை முதலில் கவனிக்கட்டும்.

ஏரித் தண்ணீர் வேறு கதை. குழாயில் ஈயம் கரையாமல் இருக்கக் குடிநீரில் பாஸ்பேட் சேர்க்கிறார்கள், அதே பாஸ்பேட் ஏரிக்குள் போய்ப் பாசிக்கு உரமாகிவிடுகிறது. கோடையில் நீலப்பச்சைப் பாசி பெருகி நீர் நஞ்சாகும், அந்த நஞ்சு கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகவே ஆகும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஒரு நல்ல மனிதர், எல்லோருக்கும் காய்ச்சிக் கொடுக்கிறார், முதல் சாவு அங்கிருந்து வருகிறது. அவருக்கு நடைபிணம் எதுவும் தீங்கு செய்யவில்லை. மீதி நாவல் முழுக்க அவர் அந்தக் குற்ற உணர்வோடுதான் நடமாடுவார்.

சாப்பாடு?

மீன் இருக்கிறது, வாத்து, ஆமை, பறவைகள் இருக்கின்றன. அந்தப் பூங்காவில் 250க்கும் மேற்பட்ட பறவை வகைகளைப் பார்த்திருக்கிறார்கள். பத்துப் பேருக்கு ஒரு வருடம் காணாது. வேட்டைக் காட்சிகளை நீட்டாதீர்கள். பறவைகளுக்கு வேறு வேலை கொடுங்கள்: அவை திடீரென்று கூட்டமாக எழுந்தால் யாரோ வருகிறார்கள் என்று பொருள்.

பக்கத்தில் கல்லறை இருக்கிறதாமே?

இருக்கிறது, இரண்டு. பூங்காவுக்கு உள்ளேயே குவேக்கர் சமயத்தாரின் பழைய இடுகாடு ஒன்று வேலிக்குள் இருக்கிறது, பூங்கா வருவதற்கு முன்பிருந்தே இருப்பது. தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் 1838இல் தொடங்கிய கிரீன்வுட் கல்லறைத் தோட்டம், 478 ஏக்கர், அடங்கியிருப்பவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். பூங்காவே 526 ஏக்கர்தான்.

அதனால் முதல் வரி எழுதும் முன் முடிவு செய்யுங்கள்: உங்கள் கதையில் புதைத்தவர்கள் எழுவார்களா, இல்லை நோய் தொற்றி இப்போது சாகிறவர்கள் மட்டுமா? புதைத்தவர்களும் எழுவார்கள் என்றால் இந்தப் படகு இல்லத்தில் எவரும் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள். நான் தொற்று வகையைத்தான் எடுத்துக்கொண்டேன், ஆனாலும் என் ஆட்கள் ஒவ்வொரு இரவும் தென்மேற்கே ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

குளிர்காலத்தில் என்ன ஆகும்?

அகழி காணாமல் போகும். மனிதர் நடக்கத் தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த அளவு உறைந்துவிட்டால், மூன்று பருவம் காப்பாற்றிய தண்ணீரே நாலாபக்கமும் திறந்த தரையாகிவிடும். உறைவது ஒரே சீராகவும் நடக்காது. பாலத்துக்கு அடியில், ஓடை வந்து விழுகிற இடத்தில் மெல்லிசாக இருக்கும். அதைத் தெரிந்து வைத்திருப்பவர் பனிக்கட்டியையே பொறியாக்கலாம்.

இந்தப் பூங்காக்களின் தொடக்கக் காலத்தில் பனிச்சறுக்குதான் பெரிய கூட்டத்தை இழுத்தது. சென்ட்ரல் பூங்கா ஏரி 1858 டிசம்பரிலேயே, பூங்கா முழுசாக முடிவதற்கு முன்னால், சறுக்குபவர்களுக்குத் திறந்தது. பனி தாங்கும் என்றானதும் சிவப்புப் பந்து ஒன்றை உயரத்தில் ஏற்றி ஊருக்கு அறிவிப்பார்கள். ஒரு காலத்தில் வாருங்கள் என்று சொன்ன அந்தப் பந்தை உங்கள் ஆட்கள் மொட்டைமாடிக் கம்பத்தில் ஏற்றினால், அது இப்போது சொல்வது: இன்று இரவு யாரும் தூங்க வேண்டாம்.

இரவுக் காட்சிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒலியை. பகல் வெயில் இறங்கிய பிறகு நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேல் இருப்பது கொஞ்சம் சூடாகவும் இருந்தால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழேயே வரும். எதிர்க்கரையில் மெதுவாகப் பேசினாலும் இங்கே கேட்கும். உங்கள் ஆட்கள் பேசுவது அங்கேயும் கேட்கும். சுட்டுத் தள்ளுகிற காட்சிகளை நான் விட்டுவிட்டது இதனால்தான், அந்த ஏரிமேல் ஒரு துப்பாக்கிச் சத்தம் என்றால் பூங்கா முழுக்க அழைப்பு.

எத்தனை பேரை வைப்பது நல்லது?

ஏழு, எட்டு. அதற்கு மேல் போனால் அடைக்கவும் காவல் காக்கவும் ஆள் கிடைத்துவிடும், பயம் போய்விடும். விழாவுக்கு வந்தவர்கள், பறவை பார்க்க வந்தவர், சமையல் ஆட்கள் என்று ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்களாக இருக்கட்டும்.

கட்டடத்தின் வரலாற்றைக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது? பாடம் மாதிரி ஆகிவிடாதா?

ஒருவர் நின்று சொன்னால் ஆகிவிடும். யாராவது ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் வந்தால் ஆகாது.

இந்த இல்லம் ஏற்கெனவே ஒருமுறை செத்துப் பிழைத்தது. 1964இல் இதை இடிக்க நாள் குறித்துவிட்டார்கள். அப்போது நகரமே ஒரு காயத்தோடு இருந்தது, ஏனென்றால் முந்தின வருடம் 1963 அக்டோபரில்தான் நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். புரூக்ளின் மக்கள் விடவில்லை, கடைசி நேரத்தில் இந்தக் கட்டடம் தப்பியது. நகரச் சின்னங்களைக் காக்கும் சட்டம் 1965இல்தான் வந்தது, அதாவது சட்டம் வருவதற்கு முன்பே ஆட்கள் நின்று காப்பாற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே 1872இல் நட்ட கேம்பர்டவுன் எல்ம் மரம் ஒன்று கோணல்மாணலாகத் தொங்குகிற கிளைகளோடு நிற்கிறது, அதைக் காப்பாற்றக் கவிஞர் மேரியன் மூர் 1967இல் கவிதையே எழுதினார்.

சரி, இதை என்ன செய்வது? உங்கள் ஆட்களுக்குக் குளிர்கிறது, விறகு வேண்டும், அந்த மரத்தின் கிளைகள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகின்றன. ஒருத்திக்கு அந்த மரம் என்னவென்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். அவள் சொல்வாளா? சொன்னால் யார் கேட்பார்கள்? முகப்பு வளைவை உடைத்துச் சுடுமண் துண்டுகளைத் தடுப்பாக அடுக்கலாம் என்று ஒருவன் சம்மட்டியைத் தூக்குகிறான். வேறு சமயமாக இருந்தால் அவனே பெயின்ட் அடிக்க வந்திருப்பான். இந்த இடத்தில் வரலாற்றைச் சொல்ல உங்களுக்கு இரண்டு வரி போதும், வாசகர் மீதியைத் தானே சுமந்துகொள்வார்.

உண்மையான இடத்தை வைத்தே எழுத வேண்டுமா, கற்பனைப் பூங்கா போதாதா?

போதும். உண்மையான இடம் என்றால் தப்பு செய்ய வழி அதிகம், ஆனால் பாலம் எங்கே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகளே புதுக் காட்சிகளைத் தரும். அங்கே இப்போது வேலை பார்க்கிறவர்களைப் போல ஆட்களை மட்டும் உருவாக்காதீர்கள்.

கடைசியில் படகு இல்லத்தை எரித்துவிடலாமா?

நிறைய பேர் கேட்கிறார்கள். எரிப்பது சுலபமான முடிவு, எனக்கு மனசு வரவில்லை. முகப்பு முழுக்கச் சுடுமண், அவ்வளவு லேசில் பற்றவும் செய்யாது. என் வரைவில் அவர்கள் கிளம்பும்போது கட்டடத்தைச் சாத்திவிட்டுப் போகிறார்கள், வளைவுகளில் அடித்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே அடுக்கி வைத்துவிட்டு. எதற்கு இந்த வேலை என்று ஒருவன் கேட்கிறான். அடுத்து வருகிறவர்களுக்குப் பலகை வேண்டும் என்கிறாள் கூட இருக்கிற ஒருத்தி.

கதையை எந்த மாதத்தில் தொடங்கலாம்?

அக்டோபர் கடைசி. பாசி அடங்கியிருக்கும், லல்வாட்டரின் பச்சைப் போர்வை கிழியத் தொடங்கியிருக்கும், மரங்களில் இன்னும் இலை இருப்பதால் தூரம் தெரியாது. நவம்பரில் இலை கொட்டிவிடும், உங்கள் ஆட்களுக்கும் தூரம் நன்றாகத் தெரியும், தூரத்திலிருந்து அவர்களும் நன்றாகத் தெரிவார்கள். ஜனவரி வாக்கில் பனி கட்ட ஆரம்பிக்கும். அதாவது முதல் பக்கத்துக்கும் ஏரி உறைவதற்கும் இடையில் உங்களுக்கு ஏறக்குறைய பத்து வாரம் இருக்கிறது, அதற்குள் யாராவது அந்த வாளியில் கிடக்கிற துடுப்பு வளையங்களைக் கண்டுபிடித்தாக வேண்டும்.